பிழைத்து வந்த சேவல்

ஓய்வு பெற்ற கண்டக்டர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் பஸ் அவர்களை விட்டு இறங்காது. தெருவே 'விசில்' என்று அழைத்த மனிதரும் அப்படித்தான். பத்துக் கோழிகளுக்குப் போதுமான கூண்டில் இருபதுக்கு மேல் அடைத்துவிட்டு, "இன்னும் நாலு நிக்கலாம்" என்பார். மனைவி போய், ஒரே மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, அவருக்குப் பேச்சுத்துணை அந்தக் கூட்டம்தான். அதிலும் துரை என்ற சேவல் மேல் அவர் வைத்திருந்த பாசம் சொல்லி மாளாது.

அந்தப் பாசத்துக்கு ஒரு காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் கூண்டில் நோய் விழுந்து, கோழிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. துரைக்கும் தாடைக்குக் கீழே தொங்கும் சதை வீங்கி, மூச்சு இழுத்தது. விசில் அதை மடியில் போட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்தார், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டினார். அது மறுபடி எழுந்து கூவிய காலையில் மனிதர் அழுதேவிட்டார். அன்றிலிருந்து, "எமனையே பாதி வழியில இறக்கி விட்டவன் என் துரை" என்று ஊரெல்லாம் பெருமை. நல்ல குஞ்சு வேண்டும் என்று யார் கேட்டாலும் ஒரு வாரம் துரையை அனுப்பிவைப்பார். காசு வாங்கமாட்டார். புகழ்ச்சியை மட்டும் கைநீட்டி வாங்கிக்கொள்வார்.

இந்தச் சம்பவம் நடந்த அன்று காலையில்தான் மாப்பிள்ளை பைக்கில் வந்து துரையைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்கு வேண்டும் என்று சம்பந்தியம்மாவே வாய்விட்டுக் கேட்டிருந்தார். விசிலுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சம்பந்தியம்மா ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் கோழிகளைப் பிள்ளைகளைப் போல வளர்ப்பவர். அவற்றின் பக்கம் போகிறவர்கள் காலைக் கழுவி, அங்கே வைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சம்பந்தி என்றும் பார்க்காமல் விசிலையே ஒருமுறை குழாயடிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அன்று அவர் அந்த அம்மாவுக்குப் 'பினாயில்' என்று பெயர் வைத்தார். மகளுக்கு மட்டும் தெரிந்த பெயர் அது. இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மாப்பிள்ளை போன கொஞ்ச நேரத்தில் தெருக்கோடி இஸ்திரிக்காரர் சாக்குப் பையோடு வந்தார். பைக்குள் செத்த கோழி.

"அண்ணே, மூணாவது இது. கால்நடை டாக்டரம்மாகிட்ட காட்டலாம்னு போறேன். நீங்களும் வாங்க, உங்களுக்குத்தான் விஷயம் தெரியும்."

இப்படி ஒரு வார்த்தை சொன்னால் விசில் எங்கே வேண்டுமானாலும் வருவார். போகிற வழியெல்லாம் இஸ்திரிக்காரரின் கோழி வளர்ப்பில் இருக்கும் குறைகளை எடுத்துச் சொன்னார். எலி ஓடுகிறது, தரை ஈரம், தண்ணீர்ச் சட்டியில் பாசி. எல்லாம் உண்மைதான்.

டாக்டரம்மா கோழியை அறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெளியில இருந்து புதுக் கோழி ஏதாவது உள்ள வந்துச்சா?"

"இல்லீங்க. நம்ம அண்ணனோட சேவல் மட்டும் ஒரு வாரம் இருந்துட்டுப் போச்சு."

"அந்தச் சேவலுக்கு முன்னாடி ஏதாவது நோய் வந்திருக்கா?"

நுணலும் தன் வாயால் கெடும். விசில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மழைக்காலக் கதை முழுவதையும் சொன்னார். வீங்கிய தாடை, இழுத்த மூச்சு, எமன் இறங்கிப்போன ஸ்டாப்பிங். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஐயா, செத்ததைவிடப் பிழைச்சதுதான் ஆபத்து. சோதனை முடிவு வந்தாத்தான் உறுதியாச் சொல்லமுடியும். ஆனா நீங்க சொல்றதைப் பாத்தா, கிருமி அதோட மூக்கிலயும் தொண்டையிலயும் இன்னும் தங்கியிருக்கும்னு நினைக்கிறேன். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரே தண்ணியில வாய் வெச்சாப் போதும், மத்ததுக்கு ஒட்டிக்கும். வேற யார் வீட்டுக்கும் அனுப்பிடாதீங்க. இப்ப எங்க இருக்கு?"

"மக வீட்ல" என்றபடியே விசில் வாசலைப் பார்த்து நடந்தார். துரை இதுவரை போய்வந்த வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மூலைவீட்டில் கோழி செத்தபோது, "தீனி சரியில்லை" என்று அவரே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

வெளியே வந்து மகளுக்குப் போன் அடித்தார். ஸ்விட்ச் ஆஃப். மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன், ஏணியில் நிற்பவர், எடுக்கவில்லை. மூன்றாவதாகச் சம்பந்தியம்மாவின் நம்பர் வந்தது. விரல் அதன் மேல் நின்றது. அழுத்தினால் ஒரே நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். ஆனால் 'உங்க அப்பன் வீட்டு நோய்' என்ற பேச்சு மகளை ஆயுசுக்கும் விடாதே. நேரில் போய், மகள் காதில் ரகசியமாகச் சொல்லி, சேவலைப் பிரிந்து இருக்க முடியவில்லை என்று ஏதாவது அசட்டுக் காரணம் காட்டித் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று ஆளை ஏற்றியது. "உள்ள போங்க, உள்ள போங்க, இடம் இருக்கு" என்று கத்திய கண்டக்டரை அடிக்கலாம் போல வந்தது விசிலுக்கு. இறங்கியதும் அந்த வயதில் ஓடினார்.

பக்கவாட்டுக் கதவைத் தள்ளினார். கொல்லையில் துரை ராஜநடை போட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியில் அலகை முக்கி எடுத்து அண்ணாந்தது. இரண்டு பக்கமும் சம்பந்தியம்மாவின் கோழிகள், அதே தண்ணீரில்.

மகள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள். "அப்பா! நல்லவேளை வந்தீங்க. பினாயில் என்ன பண்ணாங்க தெரியுமா? துரையை சாமான் ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. புதுசா வர்ற கோழி மூணு வாரம் தனியா இருக்கணுமாம். எங்க அப்பா வீட்டுச் சேவல் என்ன திருடனா? அவங்க கடைக்குப் போனாங்க, நான் இப்பதான் திறந்துவிட்டேன்."

"இப்பன்னா எப்ப?"

"இப்பதாம்ப்பா. பத்து நிமிஷம் இருக்கும்."

அந்தப் பத்து நிமிடமும் அவர் பஸ்ஸிலும் தெருவிலுமாகக் கழித்த நேரம். கால்நடை ஆஸ்பத்திரி வாசலிலேயே சம்பந்தியம்மாவின் நம்பரை அழுத்தியிருந்தால் பூட்டு பூட்டியபடி இருந்திருக்கும். விசில் தொட்டியை எட்டி உதைத்துக் கவிழ்த்தார். துரையைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். அது அவர் கையை நம்பி அசையாமல் இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் சொன்ன விஷயத்தைக் கேட்ட மகளின் முகம் வெளுத்தது. அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சேவலை யார் திறந்துவிட்டது?"

சம்பந்தியம்மா கையில் பையோடு நின்றார். மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் கூட்டத்தில் பிடித்துக்கொள்வாளே, அந்தப் பிடி.

விசில் மழைக்காலத்தில் தொடங்கி டாக்டரம்மா வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பிறகு மகளுக்கு முன்னால் ஓர் அடி வந்து நின்றார். "நான்தான் திறக்கச் சொன்னேன் சம்பந்தியம்மா. பூட்டி வெச்சீங்கன்னதும் எனக்குக் கௌரவக் குறைச்சலாப் போச்சு. போன்ல பாப்பாகிட்ட திறந்துவிடுன்னு அதட்டினேன். அதுக்கப்புறம்தான் டாக்டரம்மா சொன்னாங்க. அவ மேல தப்பில்ல."

சம்பந்தியம்மா அவரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த தொட்டியையும் பார்த்தார். திட்டு விழும் என்று விசில் காத்திருந்தார். விழவில்லை. பையை வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்து வந்தார்.

"எதெது வாய் வெச்சுது?"

"அந்த ரெண்டு சிவப்பு, அப்புறம் வெள்ளை. வேற எதுன்னு தெரியல."

"தெரியலன்னா எல்லாத்தையும்தான் பாக்கணும். டாக்டர்கிட்ட கேட்டு மருந்து போடுவோம். பிழைக்கறது பிழைக்கட்டும்." குரல் அங்கே லேசாக உடைந்தது.

"ஒரு கத்தி குடுங்க சம்பந்தியம்மா" என்றார் விசில், துரையின் தலையைத் தடவியபடி. "நானே முடிச்சிடறேன்."

"என் கொல்லையில ரத்தம் சிந்த வேணாம். கூடையில போட்டு மூடி டாக்டர்கிட்டயே கொண்டுபோங்க. எப்படிச் செய்யணும்னு அவங்களுக்குத் தெரியும்."

விசில் கூடையை மூடிக் கட்டினார். முடிச்சு விழ நேரமானது. கண்ணில் தண்ணீர் மறைத்தது. கதவருகே போனபோது சம்பந்தியம்மா வாளியில் பவுடரைக் கலக்கியபடியே, திரும்பாமல் சொன்னார்:

"சம்பந்தி, இனிமே ஏதாவது சொல்லணும்னா என் நம்பருக்கே அடிங்க. உங்க பொண்ணோட போன் தண்ணியில விழுந்து, முந்தாநாள்ல இருந்து ரிப்பேர்க் கடையில கிடக்குது."

விசில் நின்ற இடத்திலேயே நின்றார். சம்பந்தியம்மா நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"நீ ஏன் மரமா நிக்கற? கையைக் கழுவிட்டு வா. அந்தத் தொட்டியை ஒரு பக்கம் பிடி."