கையால் அமுக்கிய தீ

வள்ளித்தாயின் உள்ளங்கை இரண்டிலும் ரேகை கிடையாது. கழுகுமலையிலிருந்து பஸ் ஏறி வந்து, தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் கோவில்பட்டித் தொழிற்சாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைப்பவள். குச்சி உரசிப் பற்றிக்கொள்வது எங்கள் வேலையில் சகஜம். பற்றினால் யாரும் கத்தமாட்டோம். கையாலேயே அமுக்கி அணைத்து, கரியை முந்தானையில் மறைத்துவிடுவோம்.

கத்தினால் போர்மேன் காளிராஜ் வருவான். முதலில் கன்னத்தில் அறைவான்; அப்புறம்தான் என்ன நடந்தது என்று கேட்பான். அவனும் சின்ன வயதில் இதே மேசையில் குச்சி அடைத்து, பெல்ட்டால் அடிவாங்கியவன்தான். எங்களோடு குச்சி அடைக்கும் பிரேமா ஒருமுறை கத்தியதற்கு அவளைக் கீழே தள்ளி முகத்தில் மிதித்தான். பல் தெறித்தது. நாங்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம்.

வெளிநாட்டில் சரக்கு வாங்குபவர்கள், ஆபத்தைப் பயமில்லாமல் சொல்லத் தொழிலாளர்களைப் பழக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்களாம். சென்னையிலிருந்து சத்யபிரியா என்ற பெண் ஒரு வி.ஆர். கண்ணாடியோடு வந்தாள். அதை மாட்டினால் எங்கள் ஆபீஸ் மாதிரியே ஓர் இடம் கண்முன் நிற்கும். பெட்டி பற்றும். கத்தினால் அதற்குள் இருக்கும் போர்மேன், "நல்லவேளை சொன்னீங்க" என்பான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வள்ளித்தாய் மாட்டினாள். திடீரென்று வெறும் மேசையை இரண்டு கையாலும் படபடவென்று அறைந்தாள். வாயில் சத்தமே இல்லை.

"ஏன் கத்தல நீங்க?" என்று கேட்டாள் சத்யபிரியா.

"கத்துனா அடிப்பாவல்லா."

திரும்பத் திரும்ப மாட்டிய பிறகு ஒருவழியாக "தீ" என்றாள். அதுவும் எனக்கு மட்டும்தான் கேட்டது.

அடுத்த வாரம் நிஜமாகவே பற்றியது. வள்ளித்தாய் எழுந்து அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்: "தீ! ஏட்டி, எல்லாரும் வெளிய ஓடுங்க!"

காளிராஜ் பாய்ந்து வந்து அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். "வாய மூடுட்டி! வேலை கெட்டுப்போகும்!" நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் மறுபடி கத்தினாள். அவன் மறுபடி மோதினான். அந்தக் கத்தலில்தான் நாங்கள் ஓடினோம். அடைத்த பெட்டிகள் குபீரென்று தீப்பிடித்ததும் அவளை அப்படியே போட்டுவிட்டு அவனும் ஓடிவந்தான். நானும் பிரேமாவும் புகைக்குள் போய் அவளை இழுத்து வந்தோம். ஒருத்தியும் சாகவில்லை.

முதலாளி அவனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். தலையில் கட்டோடு வள்ளித்தாயும் எங்களோடு நின்று பார்த்தாள்.

உள்ளே பெட்டி பற்றியிருக்க வேண்டும். காளிராஜ் வாயைத் திறக்கவில்லை. வெறும் மேசையை உள்ளங்கையால் அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். பிறகு இல்லாத கரியை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தான். எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் கூடியது. அந்தச் சூடு தெரிந்த கைதானே எங்களை அடித்தது!

வள்ளித்தாய் அவன் அருகில் போனாள்.

"கத்துங்க, அண்ணாச்சி. இங்கன உங்கள அடிக்க ஆளில்ல."

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.