ஜரிகைக்குப் பின்னால் அம்மா

என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. போனில் பேசும்போது நம் பேச்சைச் சுமந்துகொண்டு போகிற அலை, வழியில் சுவரில், பீரோவில், மனித உடம்பில் எல்லாம் பட்டுத் திரும்புகிறது. அப்படித் திரும்பி வருவதைச் சரியாகப் படித்தால், அறையில் யார் எங்கே இருக்கிறார்கள், நடக்கிறார்களா, விழுந்துவிட்டார்களா என்று கேமரா இல்லாமலே சொல்லிவிடலாம். இனி வரப்போகும் நெட்வொர்க்குகளில் பேசுவதும் பார்ப்பதும் ஒரே அலையில் நடக்கும். அதற்கான ஆராய்ச்சிதான் சென்னையில் என் பிழைப்பு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ வேவு பாக்கறதுன்னு சொல்லு," என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அம்மா காஞ்சிபுரத்தில் தனியாக இருக்கிறாள். பழைய பட்டுப் புடவை வாங்கி விற்பது அவள் தொழில். அசல் வெள்ளி ஜரிகை போட்ட புடவைகளை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கட்டத் தேறுவதைத் தனியாகவும் வெள்ளிக்காக உருக்கப் போவதைத் தனியாகவும் பிரித்துக் கொடியில் போட்டு வைப்பாள். அப்பா போன பிறகும் தொழிலை விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதையும் விடவில்லை. போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பக்கத்து வீட்டு அக்கா தற்செயலாக எட்டிப் பார்த்ததால் பிழைத்தாள்.

பெங்களூரிலிருந்து அண்ணன் ஓடி வந்தான், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "அங்க வந்து ஜன்னல பாத்துக்கினு உக்காந்திருக்கவா? என் பொணம் இந்த ஊட்ல இருந்துதான் போவும்," என்றாள் அம்மா. நான்தான் நடுவில் புகுந்து, ஆய்வகத்தில் செய்த இரண்டு சின்னப் பெட்டிகளை வீட்டில் மாட்டுகிறேன் என்றேன். அம்மா விழுந்தாலோ, வீட்டுக்குள் அவள் இருக்கும் இடம் தெரியாமல் போனாலோ எங்கள் இரண்டு பேர் போனிலும் அலாரம் அடிக்கும். அது ஒழுங்காக வேலை செய்கிற வரைக்கும் அம்மா இங்கேயே இருக்கலாம் என்று அண்ணன் ஒப்புக்கொண்டான்.

என் போன் திரையில் அம்மா ஒரு பச்சைப் புள்ளியானாள். எனக்கு அதைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. மதியம் புள்ளி சமையலறைப் பக்கம் போகவில்லையென்றால் உடனே போன் போட்டு, "இன்னாம்மா, இன்னும் சாப்பிடலையா?" என்பேன். "மாமியார் இல்லாத கொறைய நீ தீத்து வெச்சிட்டம்மா," என்பாள். கொடி அலையை மறைத்தது இன்னொரு தலைவலி. "ஜரிகைன்னா வெள்ளிம்மா, அலைய அப்படியே திருப்பி அடிச்சிடும். பொட்டி எதுக்கால கொடி கட்டாத, நீ தெரியமாட்ட," என்று ஒரு நாள் கத்தினேன். சரி என்றாள். வாயை மூடாமல் நான் பெருமையும் பீற்றிக்கொண்டேன்: "மூச்சு கூட ஒரு கோடாத் தெரியும்மா. நீ அழுதா இங்க அந்தக் கோடு மாறும்." "அழுதா கூடவா?" என்று மட்டும் கேட்டாள். அசந்துபோய்க் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு மதியம் புள்ளி காணாமல் போனது. அலாரம் அலறியது. அம்மா போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாலாஜாபாத் போயிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, வேண்டாத நினைப்பெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. நான் கூப்பிட்ட குரலுக்கு, "இன்னாத்துக்கு ஊரக் கூட்டற?" என்று உள்ளறையிலிருந்து பதில் வந்தது. பெட்டிக்கு எதிரே புதிதாகக் கொடி கட்டி, முந்தானை நிறைய ஜரிகை இருக்கும் புடவைகளாகப் பார்த்து, இடைவெளி இல்லாமல் தொங்கவிட்டிருந்தாள். அதற்கும் சுவருக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"உசுரு போயி உசுரு வந்துச்சிம்மா எனக்கு. போன எடுக்கறதுக்கு இன்னா?"

"அணைச்சி வெச்சேன்." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "உங்கப்பா செத்தன்னிக்கே நாலு பேரு முன்னாடி நான் அழல. இப்போ நீ அங்க கோட்ட பாத்துக்கினு இருப்ப. கொஞ்ச நேரம் யாரும் பாக்காம இருக்கணும்னு இருந்துச்சி. இதுக்குப் பின்னாடி தெரியாதுன்னு நீதான சொன்ன."

அவளைப் பார்த்ததும் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, அலாரத்தைத் தாமதமாகக் கவனித்த அண்ணன் போன் செய்தான்; கொடி மறைத்துவிட்டது, ஒன்றுமில்லை என்றேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றான். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "போமாட்டேன்மா. அவன்கிட்ட சொல்லு," என்றாள். இவ்வளவு பயந்து நான் அவளைப் பார்த்ததில்லை.

ஆய்வகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சிக்கல்தான். நேராகப் போகும் அலையை உலோகம் மறித்துவிடும். ஆனால் கூரையில் பட்டு, பீரோவில் பட்டு, சுற்றிக்கொண்டு போய் வரும் அலை மிச்சம் இருக்கும். மிகவும் பலவீனமானது, படிப்பது கடினம். நான் வெறி பிடித்தவள் மாதிரி அதில் உட்கார்ந்தேன். முடிந்தது. கூட வேலை செய்கிறவர்கள் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். சென்னையில் இருந்தபடியே புது நிரலை வீட்டுப் பெட்டிகளில் ஏற்றினேன். அம்மாவிடம், "இனிமே அலாரம் அடிக்காது, நீ கொடி கட்டிக்கோ," என்று மட்டும் சொன்னேன். கொடிக்குப் பின்னாலும் இனி தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அலாரம் அடிக்கவில்லை. அண்ணனும் பேச்சை விட்டுவிட்டான். ஆனால் பல மதியங்களில் புள்ளி கொடிக்குப் பின்னால் போய் நிற்கிறது, பக்கத்தில் கோடு ஏறி இறங்கித் துடிக்கிறது. போனைக் கவிழ்த்து வைக்கிறேன். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். பெற்றவள் அழுவதை அவளுக்குத் தெரியாமல் பார்க்கிறோமே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நேற்று அவளே கூப்பிட்டாள். மூக்கடைத்த குரல், ஆனாலும் அதில் ஒரு குறும்பு. "இப்போ நான் எங்க இருக்கேன் சொல்லு பாப்போம்."

திரையில் புள்ளி கொடிக்குப் பின்னால், சுவரோரமாக நின்றிருந்தது.

"தெரியலம்மா," என்றேன்.

"அது போதும்," என்றாள் அம்மா. "நிம்மதியா இருக்குதும்மா."