பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிய புல்

தொண்ணூறுகளில் நாங்கள் வெளிநாட்டில், பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடுதான் புல் வெட்டுவார். சனிக்கிழமைகளில் தன் பக்கம் முடிந்ததும், கேட்காமலே எங்கள் முன்பக்கத்தையும் வெட்டிவிடுவார். குளிர் தொடங்குமுன் சொட்டை விழுந்த இடங்களில் விதைகூடத் தூவினார்.

"ஒட்ட வெட்டினா வேர் காஞ்சிடும் தம்பி," என்பார்.

"எங்கட ஆக்கள் எண்டா இப்பிடித்தான்," என்று நெகிழ்ந்துபோன என் மனைவி, வாராவாரம் அவருக்கு வடை சுட்டுக் கொடுத்தாள்.

வசந்தத்தில் இரண்டு பக்கமும் ஒரே பச்சையாக நின்றபோது, அவர் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். வீடு விற்றுப்போன வாரம், அவர் எங்கள் எல்லை வரை வந்து மெஷினைத் திருப்பிக்கொண்டு போனார். உடம்புக்கு ஏதுமோ என்று போய்க் கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்டுமில்லை. வீடு வித்தாச்சு," என்றார். "பாக்க வந்த சனத்துக்கு உங்கட பக்கம் காடாக் கிடந்திருந்தா, என்ர விலை விழுந்திருக்கும்தானே."

என் பின்னால் மனைவி வடைத் தட்டோடு நின்றாள். அவர் வழக்கம்போல் கையை நீட்டினார். அவளும் கொடுத்துவிட்டாள். எனக்கு இன்றுவரை விளங்காதது அந்தக் கைதான். அதில் ஒரு கூச்சமும் இல்லை.