நாலு மூலையும் ஒரே சூடு

உக்குவளை ரயில் கடவைக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்த சந்திரகாந்தா, ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஒரே மெஷினில் நின்றவள். சட்டைக் கொலருக்குள் விறைப்புத்துணியை வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டுவது அவள் வேலை. எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எத்தனை செக்கன், எவ்வளவு அழுத்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் யாரும் கேட்கவில்லை.

2007 கடைசியில் தொழிற்சாலையை மூடினார்கள். வீட்டிலேயே டீ ஷர்ட்டில் பெயரும் நம்பரும் ஒட்டிக் கொடுக்கலாம் என்று அவளாகத்தான் யோசித்தாள். முதலில் துணி அயர்ன் பண்ணும் பெட்டியால் ஒரு தேயிலைத் தோட்டத்து உதைபந்து அணிக்கு நம்பர் ஒட்டினாள். அயர்ன் பெட்டிக்கு நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. பாதி ஆட்டத்தில் ஏழாம் நம்பர் கழன்று புல்லில் விழுந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்த ஆட்டக்காரன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை.

தைப்பொங்கல் முடிந்த கையோடு ரத்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து விளையாட்டுப் போட்டிக்கு எண்பது டீ ஷர்ட் கேட்டார்கள். மூன்று வாரம் தவணை. இனி மெஷின் இல்லாமல் முடியாது.

அவள் புருஷன் செல்லச்சாமி மாத்தளையில் மிளகு, கராம்பு வாங்கும் கடையில் நிறுவைக்கு நின்றான். மெஷினைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தராசுதான். அவன் தம்பி கணபதி கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை செய்தான். இரண்டு பேரும் போனில் பேசி முடித்துவிட்டார்கள்.

"அஞ்சு வேலை செய்யிற மெஷினாம். சட்டை, தொப்பி, கோப்பை, பீங்கான், இன்னொன்னு என்னமோ. எல்லாம் ஒரே வெலைக்கு" என்றான் செல்லச்சாமி.

"எனக்கு அஞ்சு வேலை வேணாங்க. ஒரு வேலை ஒழுங்கா செஞ்சா போதும். தட்டையான மெஷின், தட்டு தடிப்பமா இருக்கணும், நாலு மூலையும் ஒரே சூடா இருக்கணும். தம்பிக்கிட்ட இத மட்டும் சொல்லுங்க."

"சூடுன்னா சூடுதானே புள்ள. அதுல என்னா மூலை?"

அவள் போனைப் பிடுங்கி, நம்பரை அழுத்தி, கணபதியிடமே சொன்னாள். "சரி மதினி, சரி மதினி" என்று கேட்டுக்கொண்ட கணபதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து இறக்கியது அந்த அஞ்சு வேலை மெஷினைத்தான். நீல நிறம், பளபளப்பு, பெட்டி நிறையத் துண்டு துண்டாகச் சாமான். இரண்டு விரலால் தட்டிப் பார்த்தபோதே தகரச் சத்தம் கேட்டது.

சந்திரகாந்தா சந்திக் கடையிலிருந்து ஃபேக்ஸ் மெஷினுக்குப் போடும் தாளில் நாலைந்து முழம் வாங்கி வந்தாள். சூடு பட்ட இடம் கறுக்கிற தாள் அது. தொழிற்சாலையில் மெக்கானிக் வராத நாட்களில் அவள் இப்படித்தான் பார்ப்பாள். சூட்டைக் குறைத்து வைத்து, தாளை விரித்து, தட்டை இறக்கித் தூக்கினாள். நடுவில் கரிக்கறுப்பு. வலது பக்கம் சாம்பல். இடது கைப்பக்க மூலை வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"பாத்தீங்களா? இந்த மூலையில வார எழுத்து ஒரு சலவைக்குத் தாங்காது."

"புது மெஷின்தானே மதினி. ஓட ஓட சரியாயிரும்" என்றான் கணபதி.

"ஓட ஓட சரியாகுறதுக்கு இது என்னா கன்னுக்குட்டியா?"

செல்லச்சாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தாளுதான் பழசு போல" என்றான். அவளுக்கு வந்த கோபத்தில் அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் கணபதியோடு அவளும் மெஷினும் கொழும்புக்குப் போனார்கள். அதை விற்ற புறக்கோட்டைக் கடைக்காரர் ஒரு மணி நேரம் வாதாடி, விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு திருப்பி எடுத்தார். பிறகு அவள் கடை கடையாக ஏறினாள். ஒவ்வொரு கடையிலும் ஒரே பேச்சு. "மெஷினைக் கரண்டில போட்டுக் காட்டுங்க. நான் தாள் வச்சுப் பாக்கணும்."

"வாங்குறவங்க யாரும் இப்பிடிக் கேக்கிறதில்ல" என்றார் ஒருவர். இன்னொருவர் அவளை விட்டுவிட்டுக் கணபதியைப் பார்த்தே விலை சொன்னார். "மதினி, எல்லாரும் பாக்குறாங்க" என்று கணபதி நெளிந்தான்.

"பாக்கட்டும். நீ பாத்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன்."

ஐந்தாவது கடை ஜமால்தீன் என்பவருடையது. அவரும் அலுத்துக்கொண்டார். ஆனால் பிளக்கைக் குத்தினார். அவள் கேட்டது மூலையில் கிடந்த, பெயின்ட் உரிந்த, பெயர்கூட இல்லாத ஒரு மெஷினை. வாய் திறந்து மூடுவதைத் தவிர வேறு வித்தை அதற்குத் தெரியாது. தாளைப் போட்டு எடுத்தாள். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கறுப்பு. நான்கு மூலையையும் நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"கீறல் விழுந்த சாமானும்மா அது. புதுசு எடுத்துத் தாரேனே" என்றார் ஜமால்தீன்.

"கீறல் சட்டையில படாது நானா. கீறலுக்கு எவ்வளவு கொறைப்பீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

அஞ்சு வேலை மெஷினைவிடக் குறைந்த விலைக்கே முடிந்தது.

கணபதி கொழும்பிலேயே நின்றுகொள்ள, அவள் மெஷினோடு தனியாகத் திரும்பினாள். யுத்தத்தில் பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஒரு இராணுவ செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். வயர், திருகும் குமிழ், நேரம் எண்ணும் சிவப்பு இலக்கம் எல்லாம் உள்ள இருபத்தைந்து கிலோ இரும்பு. அதன் பக்கத்தில் தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை. சட்டைக்கு எழுத்து ஒட்டுகிற மெஷின் என்று சிங்களத்தில் நான்கு பேருக்கு நான்கு தடவை சொன்னாள். நான்காவது ஆள் மேலதிகாரியைக் கூப்பிட்டுக்கொண்டு வரப் போனான்.

"இந்தம்மாவால எல்லாருக்கும் சுணக்கம்" என்று பஸ்ஸிலிருந்து ஒரு தமிழ்க் குரலே கேட்டது. கொண்டக்டர் மணிக்கூட்டைப் பார்த்தான். மெஷினோடு அவளை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது.

ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றாள். பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிட அலுப்புத்தான் பெரிதாக இருந்தது. மேலதிகாரி வந்து, ரசீதைப் பார்த்து, மெஷினைச் சுற்றி ஒருமுறை நடந்து, போகச் சொன்னார். தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் அவளே ஏற்றினாள்.

வீட்டில் வேறு தொல்லை காத்திருந்தது. பின்னேரம் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் கரண்ட் இறங்கி, மெஷின் சூடேற மறுத்தது. விடியற்காலையிலும் மத்தியானத்திலும் மட்டும் வேலை என்று வைத்துக்கொண்டாள். ஒட்டிய முதல் சட்டையை மூன்று தடவை கல்லில் அடித்துத் துவைத்தாள். எழுத்து அசையவில்லை. அதற்குப் பிறகுதான் மற்ற எழுபத்தொன்பதையும் தொட்டாள்.

செல்லச்சாமி பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து மெஷினைக் காட்டினான். "தட்டுதான் முக்கியம். நாலு மூலையும் ஒரே சூடு இருக்கணும். இல்லாட்டி வீண்" என்று விளக்கினான். அவள் எழுத்துத் தாளின் பின்பக்கத்தை உரித்துக்கொண்டே கேட்டிருந்தாள். சொல்ல நிறைய இருந்தது. கையில் வேலையும் இருந்தது.

தவணைக்கு இரண்டு நாள் முன்னதாகவே சட்டைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். பொறுப்பான டீச்சர் கிருஷ்ணம்மா ஒரு எழுத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்து, கிளம்பவில்லை என்றதும் முகம் மலர்ந்தாள். "நாலந்தாவில என் அக்கா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலயும் கேட்டாங்க. உங்க போன் நம்பர எழுதி அவங்களுக்குக் குடுக்கிறேன்" என்று ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். வேலை கொடுத்தபோது கேட்டு வைத்த வீட்டுக்காரர் பெயரைப் போட்டு, 'செல்லச்சாமி, டீ ஷர்ட் வேலை' என்று எழுதினாள்.

சந்திரகாந்தா கையை நீட்டினாள். "அந்தப் பேனையக் கொஞ்சம் தாங்க டீச்சர்" என்று வாங்கி, புருஷன் பெயரை ஒரே கோடாக வெட்டிவிட்டு, மேலே தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.