வெளுத்த இமை

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஆட்டு வயிற்றுப் புழுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கால்நடை விஞ்ஞானிக்கு வண்டி ஓட்டப் போய், ஐஸ் பெட்டி தூக்கி, மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்த மேடத்துக்குப் புழு முட்டை எண்ண ஆட்டுப் புழுக்கை வேண்டும். எனக்குச் சனங்களின் பேச்சு வேண்டும். நோட்டின் முன்பக்கம் ஆட்டின் எண் எழுதினால், பின்பக்கம் ஆட்டுக்காரர் சொன்னதை எழுதி வைப்பேன்.

இலுப்பூரைத் தாண்டி ஒரு ஊரில் ஒரு அக்கா பதினோரு வெள்ளாடு வைத்திருந்தார். "ஒங்க வாயைக் கேட்டா என் ஆடு மேயவே மறந்துரும் தம்பி, எடுக்குறதை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்பார். ஆராய்ச்சிக்கு அவரைச் சம்மதிக்க வைத்ததும் இந்த வாய்தான். பாதி ஆடுகளுக்கு மழைக்கு முன்னாலேயே வயிற்றுப் பூச்சி மருந்து. மீதிக்கு மழை முடிந்த பிறகு. எதில் புழு முட்டை எவ்வளவு ஏறுகிறது என்று மேடம் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

"மருந்து குடிக்காததுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்று அக்கா கேட்டார்.

"நான் எதுக்குக்கா இருக்கேன்? வாரா வாரம் வந்து இமையைப் பாத்துட்டுப் போவேன்ல" என்றேன்.

இந்தப் புழு இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்து கொடுத்து, அந்த ஆட்டை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட வேண்டும். மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஐப்பசி மழை வெறித்த ஒரு வெள்ளிக்கிழமை போனேன். மருந்து குடிக்காத பாதியில் அக்காவின் தாயாடு இருந்தது. சினை வேறு. மற்ற பத்தில் ஆறு அது போட்ட குட்டிகள்தான். இமையை இழுத்தேன். வெந்த சோறு மாதிரி வெளுத்திருந்தது.

"எப்படித் தம்பி இருக்கு?" கொட்டகைக்கு அங்கிட்டு நின்று அக்கா கேட்டார்.

"நல்லா இருக்குக்கா."

மற்ற ஊர்களில் அதற்குள் மூன்று ஆடுகளை நீக்கியிருந்தோம். இன்னும் ஒன்று போனால் ஒப்பிட ஆடு பத்தாது என்று மேடம் போனில் யாரிடமோ வருத்தப்பட்டது என் காதில் விழுந்திருந்தது. திங்கட்கிழமை கடைசித் தடவையாகப் புழுக்கை எடுக்க வேண்டும். மூன்று நாள்தானே, தாங்கிவிடும் என்று நினைத்தேன். மேடத்துக்கு உதவுகிறேன் என்றுதான் நினைப்பு. அவர் கேட்காத உதவி.

ஞாயிறு காலையில் போன் வந்தது. "தம்பி, படுத்தது எந்திரிக்கவே இல்லையே."

மேடம் வந்து செத்துக் கிடந்த தாயாட்டை வேப்பமரத்தடியில் அறுத்துப் பார்த்தார். இரைப்பைக்குள் சிவப்பும் வெள்ளையும் முறுக்கின நூல்போலப் புழுக்கள் நெளிந்தன. மீதி ஆடுகளுக்கு அங்கேயே மருந்து கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "வெள்ளிக்கிழமை இமை எப்படி இருந்துச்சு?"

"சிவப்பாத்தான் இருந்துச்சு மேடம்."

அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அக்காவோ என்னைத் தேற்றினார். "நீங்க என்ன செய்வீங்க தம்பி, பாத்துப் பாத்துத்தானே வந்தீங்க."

இமை சிவந்திருந்த ஆடு இரண்டே நாளில் புழுவால் சாகாதே என்று மேடம் குழம்பினார். கூடவே பாக்டீரியா நோய் ஏதும் சேர்ந்திருக்குமோ என்று குடல் துண்டைச் சோதித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பவும் சோதித்தார். கடைசியில், இமை பார்ப்பதே நம்பக்கூடிய முறைதானா என்று சந்தேகம் வந்து, மற்ற ஊர்களில் ஆட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்தினார். என் பொய்யால் இன்னும் எத்தனை ஆடு போகுமோ என்று பயந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. நோட்டை எடுத்து, நான் சொன்னதை எழுதியிருந்த வரியை அடித்தார். "ஒரு ஆடு குறைஞ்சா, ஒரு ஆடு குறைஞ்சதுன்னு எழுதியிருப்பேன். அவ்வளவுதானே" என்றார். நோட்டை மூடிவிட்டு, "அந்தம்மாகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார்.

நானே போனேன். அக்கா கொட்டகையில் இலைக் கொத்து கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையே வெளுத்துருச்சுக்கா. தெரிஞ்சேதான் நல்லா இருக்குன்னேன்."

அவர் கயிற்று முடிச்சைப் போட்டு முடித்தார். "அன்னைக்கே மருந்து ஊத்தியிருந்தா பொழைச்சிருக்குமா?"

"பொழைச்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"சரி, வந்த வேலையைப் பாருங்க" என்று ஒரு குட்டியைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார். இமையை இழுத்துப் பார்த்து, "சிவப்பா இருக்குக்கா" என்றேன்.

அவர் என் கையை விலக்கினார். குட்டியை முழங்காலுக்கு நடுவே இடுக்கி, வெளிச்சத்துப் பக்கம் அதன் முகத்தைத் திருப்பி, இமையை இழுத்துத் தானே பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்ததைப் பிடித்தார். பத்து ஆட்டுக்கும் அப்படியே.