ரிலீவர் வராமல் டியூட்டி முடியாது

தாதியர் சங்கத்தின் வரலாற்றை எழுதச் சொன்னால் எல்லாரும் கொழும்பில்தான் தொடங்குவார்கள். முதல் மேட்ரன்மார், முதல் கூட்டம், ஆங்கிலத்தில் மட்டும் இருந்த யாப்பு என்கிற சங்க விதிகள், பிறகு அது சிங்களத்துக்கும் தமிழுக்கும் வந்தது. அதெல்லாம் ஆண்டு மலரில் படத்தோடு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். மலரில் இல்லாததை நான் எழுதுகிறேன். நான் இருந்த சங்கத்தின் மட்டக்களப்புக் கிளையை மூடப் பார்த்தார்கள். நாங்கள் விடவில்லை.

1. பாதை ஓடவில்லை

டீசலுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம். நான் கிளைத் தலைவி. கூட்டம் வைத்தால் கோரத்துக்கு வேண்டிய ஆள் சேராது. எங்கள் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வேலை செய்கிறவர்கள் பாதையில்தான் வரவேண்டும். ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். டீசல் இல்லாமல் பாதை நின்றால் அடுத்த டியூட்டிக்கு வரவேண்டிய ரிலீவர் வரமாட்டார். ரிலீவர் வந்து வார்டைப் பொறுப்பெடுக்காமல் டியூட்டியில் இருப்பவர் வெளிக்கிடக் கூடாது. பிறகு கூட்டத்துக்கு யார்தான் வருவது?

கொழும்பு இதையெல்லாம் கேட்கவில்லை. கூட்டம் நடக்காத கிளையைப் பக்கத்து மாவட்டக் கிளையோடு சேர்த்துவிடுவது என்று பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் காத்தான்குடிப் பிள்ளை பரீதாவுக்குத் தூர மாவட்டத்துக்கு மாற்றம் வந்திருந்தது. கையில் பால்குடிக் குழந்தை, புருஷன் கட்டாரில். இடமாற்ற அப்பீல்களை விசாரிக்கும் மாற்றச் சபையில் அவளுக்காகப் பேசுவதற்குக் கிளைதான் ஆள் அனுப்ப வேண்டும். கிளை போனால் அவளுடைய அப்பீலும் போச்சு.

"அக்கா, கிளையும் இல்லாட்டி நான் வேலைய விடுறதுதான். புள்ளைய விட்டுட்டு அவ்வளவு தூரம் போக ஏலா" என்று அழுதாள்.

"வேலைய விடுற கதைய என்னட்டக் கதையாத புள்ள. நான் கொழும்புக்குப் போயிட்டு வாறன்" என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. ரயிலில் இருந்த அத்தனை நேரமும், அங்கே போய் என்ன சொல்வது என்று எனக்கே தெரியாது.

2. பொறுப்புக் கொடுங்கள்

மண்டபம் நிறைய ஆட்கள். ஏன் கூட்டம் வைக்கவில்லை என்று செயலாளர் கேட்டார்.

"பாதை ஓடல்ல. அதால ரிலீவர் வரல்ல" என்றேன்.

மொழிபெயர்த்த பிள்ளை கண்டிப் பக்கம். அவளுக்குப் பாதை என்றால் ரோட்டு. மட்டக்களப்பில் ரோட்டு ஓடவில்லையாம் என்று சிங்களத்தில் சொல்லிவைத்தாள். மண்டபமே சிரித்தது. எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். காது இரண்டும் சூடாகிவிட்டது.

சிரிப்பு அடங்கவும் செயலாளர், தீர்மானம் நிறைவேறினால் இன்றைக்கே பக்கத்து மாவட்டத் தலைவியிடம் பொறுப்புக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

பொறுப்பு என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டேன். டியூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாக நோயாளியை ஒப்படைப்பதற்கு எங்களிடம் ஹாண்ட் ஓவர் என்று பெயர்.

பக்கத்து மாவட்டத் தலைவி சோமலதா முன்வரிசையில் இருந்தாள். முன்பு எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள், தமிழ் தெரியும். நேரே அவள் முன்னால் போய், கட்டிலோரத்தில் நிற்பதுபோல நின்றேன்.

"சோமலதா, ஹாண்ட் ஓவர் தாறன். கவனமாக் கேளு. முதல் கட்டில், வாகரைப் பக்கம். குவாட்டர்ஸ் இல்ல. கடைசி பஸ்ஸ விட்டா அங்கத்தப் பிள்ளைக்குப் படுக்க இடமில்ல. பஸ்காரனுக்கு நீதான் போன் கோல் எடுக்கோணும். ரெண்டாம் கட்டில், படுவான்கரை. பாதை எண்டா ரோட்டில்ல, ஃபெரி. அது நிண்டா டீசலுக்கு நீதான் கச்சேரி ஒபிசுக்கு ஓடோணும். மூண்டாம் கட்டில், பரீதா. கண்டிஷன் கிரிட்டிக்கல். மாற்றச் சபைக்கு நீதான் போகோணும். கெதியாப் போகோணும். இன்னும் கட்டில் இரிக்கி. சொல்லட்டா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. தமிழ் தெரியாதவர்களுக்கும் ஹாண்ட் ஓவர் தெரியும். அதன் நடுவில் பேசி எந்த நேர்ஸுக்கும் பழக்கமில்லை.

"எடுக்கிறியா?" என்று கேட்டேன்.

சோமலதா செயலாளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயோ அக்கே, எனக்கு ஏலாது. எங்கட கட்டிலே நிறைய. நீங்களே வச்சிக்கங்க."

நான் செயலாளர் பக்கம் திரும்பி எனக்குத் தெரிந்த சிங்களத்திலேயே சொன்னேன். ரிலீவர் பொறுப்பெடுக்கவில்லை. ஆகவே மட்டக்களப்புக் கிளை இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறது. முதலில் கைதட்டியவர்கள் பின்வரிசை ஸ்டூடன்ட் நேர்ஸ்மார். தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

மொழிபெயர்த்த பிள்ளை தேநீர் நேரத்தில் வந்து மன்னிப்புக் கேட்டாள். "பாதையப் பாக்க ஒருக்கா ஊருக்கு வாங்க" என்றேன். உண்மையாகவே வந்தாள், அதில் ஏறி அக்கரைக்கும் போனாள்.

மாற்றச் சபைக்கு நானே போனேன். பரீதாவின் மாற்றம் ரத்தானது.

3. எடுத்துட்டன்

வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போது சங்கம் எதற்கு என்று இப்போது புதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். குரூப்பை விட்டு ஒரு விரலால் வெளியேறலாம். சங்கத்தில் அப்படிப் போக முடியாது. பொறுப்பெடுக்க ஒருவர் வரும்வரை நிற்கத்தான் வேண்டும். என் வேலைக்காலம் முழுக்கப் படித்ததில் அடுத்தவர்களுக்குச் சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான்.

நான் ஓய்வு பெற்ற கிழமை கிளையில் மாலை, கேக், பேச்சு எல்லாம் வைத்தார்கள். பேச்சு முடிந்ததும் புதுத் தலைவியை எழுப்பி நிறுத்தி, வாகரையில் தொடங்கி எல்லாக் கட்டிலையும் ஹாண்ட் ஓவர் கொடுத்தேன். மூன்றாம் கட்டிலுக்கு வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கட்டில்காரிதான் என் முன்னால் நின்றாள்.

"அது டிஸ்சார்ஜ் அக்கா" என்றாள் பரீதா. "மத்ததெல்லாம் எடுத்துட்டன். நீங்க வீட்ட போங்க."