பத்து நிமிடம் ஊறும் மா

முதியோர் இல்லத்துச் சலவை அறையில், மடித்து வைத்த துவாய்களின் மேல் மஞ்சள் நிறச் சோளமாப் பொதி ஒன்று கிடந்தது. பயணப் பெட்டிக்குள் நசுங்கி வெடித்த மூலையைக் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரால் ஒட்டியிருந்தாள் என் வேலைத்தோழி. “உனக்குத்தான் கொண்டு வந்தனான்,” என்றாள். தாயின் செத்தவீட்டுக்குப் போய்விட்டு அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. அந்தப் பொதியைத் தொட எனக்குக் கை வரவில்லை.

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் என்னோடு ஒன்பது வருடம் வேலை செய்த பிரேசில்காரி அவள். நாங்கள் கதைத்தது அரைகுறை டேனிஷ். ஆனாலும் அவள் சொன்னதெல்லாம் என் மனதில் யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கிறது. காலை ஏழு மணி தொடங்கி, பாரமான உடம்புகளைத் திருப்பி, கழுவி, உடுத்தி, மூன்று மணிக்கு வெளியே வரும்போது இருவருக்கும் வாய் திறக்கவே அலுப்பாக இருக்கும். ஒன்றுவிட்ட வார இறுதியும் வேலை. ஒருத்திக்கு அவசரமென்றால் மற்றவள் நிற்பது எங்களுக்குள் இருந்த வழக்கம். தேவாலயத்தில் என் மகளின் முதல்நன்மைக்கும் கோயில் பெருநாளுக்கும் எனக்காக நின்றவள் அவள்தான்.

ஒரு வியாழக்கிழமை, ஊரில் தாய்க்கு வருத்தம் கடுமை என்று அவளுக்குச் செய்தி வந்தது. வார இறுதிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் வெள்ளி பின்னேரமே போகலாம், இல்லாவிட்டால் திங்கள்தான் என்றார் பொறுப்பாளர். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

“இந்தச் சனி ஞாயிறு மட்டும் எனக்காக நிப்பியோ?”

“முழங்கால் வீங்கிப்போச்சு. டொக்டர் படுத்திருக்கச் சொல்லிட்டார்,” என்றேன்.

முழங்கால் நொந்தது உண்மை. டொக்டரிடம் நான் போகவேயில்லை. அந்த வெள்ளியோடு எனக்குப் பன்னிரண்டு நாள் தொடர் வேலை. கட்டிலைத் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். அவள் திங்கட்கிழமை புறப்பட்டாள். தாய் ஞாயிற்றுக்கிழமையே கண்ணை மூடிவிட்டார்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் மாவைக் கொண்டுவந்து கொடுக்க அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவர்கள் ஊரில் அந்த மாவில் அவிப்பதும் ஒரு புட்டுத்தானே, இதை எங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணத்தில், அரிசிமாவுக்குச் செய்வதுபோலக் கொதிதண்ணீர் ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறினேன். களியாகிவிட்டது. தகரப் பேணியால் கொத்தினால் பேணியிலேயே ஒட்டியது. அவளிடம் சொன்னபோது வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். அடுத்த ஞாயிறு தன் ஊர்ப் பானையோடு வீட்டுக்கு வந்தாள். அடியில் தண்ணீர், நடுவில் கண் கண்ணாக ஓட்டை போட்ட தட்டு. மிச்ச மாவில் உப்புக் கலந்த பச்சைத் தண்ணீரைத் தெளித்து, விரல் நுனியால் பிசறி, துணியால் மூடினாள்.

“இனித் தொடாதை. பத்து நிமிசம் ஊறட்டும்.”

இப்போது நான் வேலையை விட்டுவிட்டேன். அவளும் பிள்ளைகளைத் தேடித் தன் நாட்டுக்கே போய்விட்டாள். சோளமா இங்கேயே கடையில் வாங்கலாம். வாரத்தில் ஒரு நாள் அவிப்பேன். ஆவி நன்றாக மேலே வந்ததும் இறக்கி, சூட்டோடு பட்டர் தடவி, முட்டைப் பொரியலோடு வைத்தால் மகளும் தட்டை வழிப்பாள். அவிப்பது ஒரு வேலையே இல்லை. மா ஊறும் அந்தப் பத்து நிமிடம்தான் இன்றைக்கும் எனக்குப் பாடாக இருக்கிறது.

அவள் பானையோடு வந்த அன்றும் அப்படித்தான். அத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் கையில் வேலை இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. துணியை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? “டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை. நான் பொய் சொன்னனான்,” என்றேன்.

“தெரியும்,” என்றாள். கொஞ்ச நேரம் மேசையில் சிந்திய மாவை விரலால் ஒதுக்கினாள். பிறகு, “நல்லா நித்திரை வந்ததோ?” என்று கேட்டாள்.

அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். இரண்டாம் தரமும் பொய் சொல்ல எனக்குத் தெம்பிருக்கவில்லை.

“ஓம். வந்தது.”

“அப்ப சரி. எங்களிலை ஒருத்தியாவது நித்திரை கொண்டாளே,” என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் போட எழுந்தாள்.